தானும் கையும்

மெக்ஸிகோவின் நாவி ஓலினைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, அவளுடைய தகப்பனார் செய்த துப்பாக்கியில் போய் நின்றேன். சில மாதங்களாக அதை விட்டு நகர முடியவில்லை. கவிதைக்கும் விமர்சனத்துக்குமான பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். கவிதை தானாக வருவதா, செய்யப்படுவதா என்று நம்மிடையே ரொம்ப நாளாக ஒரு சண்டை நடந்துவருகிறது. அந்தத் துப்பாக்கியின் கைப்பிடியில் உள்ள ஒரு சின்னக் கொண்டியில் இந்தச் சண்டை எனக்குத் தெளிவான அளவுக்கு எந்த விமர்சனக் கட்டுரையிலும் தெளிவானதில்லை. தெளிவு அப்படியே நிலைத்திருந்தால் இதை எழுத அவசியம் ஏற்பட்டிராது. நிலைக்கவில்லை.

நாவி ஓலினின் இயற்பெயர் கார்மென் மொன்த்ராகோன். 1893-ல் பிறந்தவள். தகப்பனார் மானுவேல் மொன்த்ராகோன் மெக்ஸிகோ ராணுவத்தில் பீரங்கிப் படை அதிகாரி. பீரங்கியும் ரைபிளும் வடிவமைத்தவர். அவருடைய ரைபிளை 1908-ல் ராணுவம் ஏற்றுக்கொண்டது. நாட்டை நெடுங்காலம் தன் பிடியில் வைத்திருந்த ஜனாதிபதி போர்ஃபீரியோ தீயாஸின் பெயரை அதற்குச் சூட்டியது. தானே தோட்டா நிரப்பிக்கொள்ளும் ரைபிளைத் தன் சிப்பாய்களுக்கென்று ஏற்றுக்கொண்ட முதல் நாடுகளில் மெக்ஸிகோவும் ஒன்று. செய்து கொடுக்கும் வேலை ஸ்விட்ஸர்லாந்துக்குப் போயிற்று. ரைன் அருவிக்குப் பக்கத்தில் நாய்ஹவுஸன் என்ற ஊரிலிருந்த எஸ்.ஐ.ஜி. ஆலைக்கு 4000 ரைபிள்களுக்கு ஆர்டர்.

இதன் இயக்கத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கையால் இயக்கும் ரைபிளில் ஒரு முறை சுட்ட பிறகு கைக்கு நான்கு காரியங்கள் இருக்கின்றன. போல்டைத் திறக்க வேண்டும். பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்போது காலிக்கூடு வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது அடுத்த தோட்டா அறைக்குள் போகும். மூட வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் விசைக்கு மறுபடி அர்த்தம் உண்டு. தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிளில் இந்த நான்கையும் செய்வது வெடித்த தோட்டாவின் வாயு. குண்டுக்குப் பின்னால் குழலில் பாய்ந்து வரும் வாயுவில் ஒரு பங்கு, குழலில் உள்ள சிறு துளை வழியாகக் கீழே ஓர் உருளைக்குள் இறங்கி, ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் போல்டைத் தள்ளுகிறது. காலிக்கூடு வெளியேறுகிறது. ஸ்பிரிங் எல்லாவற்றையும் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா அறையில் உட்கார்ந்துவிடுகிறது. சுடுகிறவன் விரலை மறுபடி அழுத்தினால் போதும். போன வெடிப்பின் மிச்சம் அடுத்த வெடிப்புக்கு ஏற்பாடு செய்துவைக்கிறது.

மொன்த்ராகோனின் ரைபிளில் போல்டின் கைப்பிடியில் ஒரு கொண்டி இருக்கிறது. அதை விடுவித்தால் பிஸ்டனுக்கும் போல்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். அதற்குப் பிறகு அது சாதாரணக் கை ரைபிள்தான். கைப்பிடியை நேராகப் பின்னுக்கு இழுத்து நேராக முன்னுக்குத் தள்ளிச் சுட வேண்டும். காரணம் எளிமையானது. புகைக்கரி படிந்து பிஸ்டன் சிக்கிக்கொள்ளலாம். மருந்து பலவீனமான தோட்டாக்கள் வந்து சேரலாம். அப்போது சிப்பாயின் கையில் இருப்பது வெறும் இரும்புத்தடியாகிவிடக் கூடாது. தன் இயந்திரத்தைத் தானே முழுக்க நம்பாத ஒரு பொறியாளனின் அடக்கம் அந்தக் கொண்டியில் இருப்பதாக எனக்குப் பட்டது.

ஆனால் இதே மனிதர், மகள் பிறந்த அதே 1893-ல், வேறொரு மாதிரி ரைபிள் செய்திருந்தார். அது முழுக்கக் கையால் இயங்குவது. அதில் ஒரு சிறு நெம்புகோலுக்கு மூன்று நிலைகள். ஒன்றில் ரைபிள் பூட்டப்பட்டுவிடும். இன்னொன்றில் வழக்கம்போல் விசையை அழுத்திச் சுடலாம். மூன்றாவதில் விசையே தேவையில்லை. கை போல்டைத் தள்ளி மூடிய கணத்தில் தோட்டா வெடித்துவிடும். இழு, தள்ளு, வெடி. இழு, தள்ளு, வெடி. இடையில் 'சுடலாமா' என்று விரல் தயங்குவதற்கு இருந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே கை இயந்திரமாயிற்று. 1908-ல் இயந்திரத்துக்குள் கைக்கு இடம் விடப்பட்டது. ஒரே மூளையில் பதினைந்து வருஷ இடைவெளியில் இரண்டும் தோன்றியிருக்கின்றன.

வேகத்தைப் பற்றிய பயம் அந்தக் காலத்து ராணுவங்களில் பொதுவாகவே இருந்தது. நம் ஊர்ப் போலீஸார் கையில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய 303 ரைபிளின் பழைய மாதிரிகளில், மாகஸினை மூடும் ஒரு தகடு இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டால் மாகஸினிலிருந்து தோட்டா ஏறாது. சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுட வேண்டும். மாகஸினில் உள்ளவை ஆபத்து நேரத்துக்கென்று சேமிப்பாக இருக்கும். நிறையத் தோட்டா கொடுத்தால் கண்டபடி சுட்டுத் தீர்த்துவிடுவான் என்பது மேலதிகாரிகளின் கணக்கு. முதல் உலக யுத்தம் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிற்று. 1916-ல் தகடு இல்லாத மாதிரி வந்துவிட்டது. தானியக்கத்துக்குத் தடை போட்டவர்கள் தோட்டாச் செலவைத்தான் பார்த்தார்கள். எதிரே நிற்பவனை நினைத்து யாரும் அந்தத் தகட்டைச் செய்யவில்லை.

பிற்காலத்தில் வேறு காரணங்களுக்காகவும் கைக்குத் திரும்பும் வழி வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய எஃப்.ஏ.எல். ரைபிளின் வழியில் வந்ததுதான், இஷாபூர் ஆலையில் செய்து நம் ராணுவம் எஸ்.எல்.ஆர். என்று பல காலம் வைத்திருந்த 7.62 மி.மீ. ரைபிள். எஃப்.ஏ.எல்.லில் வாயு உருளையின் முன்னால் ஒரு திருகடைப்பு உண்டு. குழல் முனையில் கையெறிகுண்டைப் பொருத்தி எய்ய வேண்டுமானால், அந்த அடைப்பைத் திருப்பி வாயுவின் வழியை மூடிவிட வேண்டும். பிஸ்டனுக்கு எதுவும் போகாது. வெடிப்பின் விசை முழுவதும் குண்டைத் தள்ளப் போகும். அதற்குப் பிறகு போல்டைக் கையால்தான் இழுக்க வேண்டும். அதாவது தானாக நிரப்பிக்கொள்வதற்கு ஒரு விலை இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு பங்கு, அடுத்த வெடிப்புக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கனமான ஒன்றை எறிய வேண்டுமென்றால் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொன்று கைத்துப்பாக்கி. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படையின் 'ஸீல்' பிரிவினருக்காக ஸ்மித் அண்ட் வெஸன் செய்து கொடுத்தது. காவல் நாய்களைச் சத்தமில்லாமல் தீர்ப்பதற்கென்று வந்ததால் 'ஹஷ் பப்பி' என்று செல்லப் பெயர். குழல் முனையில் சத்தத்தை அடக்கும் குப்பியைப் பொருத்தினாலும், துப்பாக்கி தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும்போது எழும் இரும்புச் சத்தம் மிஞ்சிவிடுகிறது. அதற்காக மேல்பகுதியை நகரவிடாமல் பூட்டும் ஒரு கொண்டி. பூட்டிவிட்டால் ஒரே ஒரு குண்டு, சத்தம் மிகக் குறைவு. அடுத்ததற்குக் கை வர வேண்டும்.

நம்பகம், முழு விசை, மௌனம். கைக்குத் திரும்புவதற்கு மூன்று காரணங்கள். நம் வட்டத்தில் உள்ள எவனுக்கும் இந்த இடத்தில் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஒரு வரியின் வேகம் அடுத்த வரியை இழுத்துவந்து உட்காரவைக்கும் கவிதைகளை வாராவாரம் பார்க்கிறோம். அவற்றில் எந்த வரியும் தன் முழு விசையோடு வெளியே போவதில்லை. ஒரு பங்கை அடுத்த வரிக்காகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே வாசகனுக்குக் காயம் ஏற்படுவதில்லை. நல்ல கவிஞன் வாயுவின் வழியை அடைத்துவிடுகிறான். ஒவ்வொரு சொல்லையும் கையால் ஏற்றுகிறான். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இரும்பு கூடச் சத்தம் போடுவதில்லை. இப்படியே இன்னும் நான்கு பக்கம் எழுதலாம். கட்டுரை நன்றாகவும் இருக்கும். யாராவது ஒருவர் மேற்கோள் காட்டவும் கூடும்.

நன்றாக இருப்பதுதான் எனக்கு உறுத்தியது. இந்த உவமை எனக்கு எப்படிக் கிடைத்தது? ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததைத் தானே கொண்டுவந்து கொடுத்தது. கையால் ஏற்றுவதன் மேன்மையைப் பற்றிய வாதம் முழுக்கத் தானியக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமாக, மூன்று காரணங்களில் இரண்டு இன்னும் நன்றாகக் கொல்வதற்கான காரணங்கள். அவற்றை எடுத்துக் கவிதையின் நெற்றியில் பொட்டாக வைப்பதற்கு முன்னால், கை என்பது துப்பாக்கியோடு சேரும்போது என்ன ஆகிறது என்று பார்த்தாக வேண்டும்.

இதில் எனக்குக் கொஞ்சம் நேரடி அனுபவம் உண்டு. கல்லூரியில் என்.ஸி.ஸி.யில் இருந்தேன். அணிவகுப்புக்கு 303, சுடுவதற்கு 22. இந்த 22 ரைபிளில் மாகஸின் கிடையாது. ஒவ்வொரு தோட்டாவையும் விரலால் எடுத்து இட்டு போல்டை மூட வேண்டும். உஸ்தாத் ராணுவத்திலிருந்து வந்த ஹவில்தார். தமிழ் தெரியாது, எங்களுக்கு அவருடைய ஹிந்தி பாதி தெரியாது. ஆனாலும் அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாருக்கும் புரிந்தது. கண் இலக்கை விட்டு நகரக் கூடாது. கையைப் பார்க்கக் கூடாது. கை தானே தோட்டாவைத் தேடி எடுக்கும். தானே போல்டை மூடும். முதல் நாள் எனக்கு ஒவ்வொரு அசைவும் பிரக்ஞையில் இருந்தது: தோட்டாவின் குளிர்ச்சி, போல்ட் கடைசி அரை அங்குலத்தில் கொடுக்கும் எதிர்ப்பு, தோளில் வந்து இடிக்கும் உதைப்பு. முகாம் முடிவதற்குள் இவற்றில் ஒன்றும் பாக்கியில்லை. நான் கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; கை எங்கோ தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உஸ்தாத் 'ஷாபாஷ்' என்றார். கையிலிருந்து என்னை வெளியேற்றுவதுதான் பயிற்சி. வாயுவும் பிஸ்டனும் செய்கிற காரியத்தை, வாயுவும் பிஸ்டனும் இல்லாமல் ஒரு கல்லூரிப் பையனிடம் பத்து நாளில் நிகழ்த்திவிட முடியும்.

இதற்கு மேல் நான் சொல்ல விரும்புவதற்கு ஓர் எண் போதும். 1650.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன் வாலாபாகில் ஜெனரல் டயரின் உத்தரவின்பேரில் சுடப்பட்ட தோட்டாக்கள் இவை. சுட்ட சிப்பாய்கள் 50 பேர். சுமார் பத்து நிமிஷம். அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் 379; காங்கிரஸ் விசாரணை சுமார் ஆயிரம் என்றது. டயர் அன்று இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய இரண்டு கவச வண்டிகளையும் அழைத்து வந்திருந்தார். சந்து குறுகலாக இருந்ததால் அவை வெளியே நின்றுவிட்டன. உள்ளே போக முடிந்திருந்தால் அவற்றைப் பயன்படுத்தியிருப்பீர்களா என்று விசாரணைக் கமிட்டி கேட்டபோது, அநேகமாக ஆம் என்ற பொருளில் பதில் சொன்னார். ஆக அன்று தானியக்கம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே நடந்தது முழுக்கக் கைவேலை.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 1650-ஐ ஐம்பதால் வகுத்தால் ஆளுக்கு 33. அறுநூறு விநாடியை முப்பத்துமூன்றால் வகுத்தால் ஒரு தோட்டாவுக்கு 18 விநாடி. தோட்டா தீர்ந்தபோது மாகஸினை மறுபடி நிரப்பிய நேரமும் இதற்குள் அடக்கம். பதினெட்டு விநாடி என்பது சின்ன நேரமில்லை. இந்தப் பத்தியைத் தொடக்கத்திலிருந்து இதுவரை படிக்க ஏறக்குறைய அவ்வளவு ஆகும். ஒவ்வொருவனும் முப்பத்துமூன்று முறை போல்டைத் திறந்தான், இழுத்தான், தள்ளினான், மூடினான். முப்பத்துமூன்று காலிக்கூடுகள் அவன் காலடியில் விழுந்தன. இயந்திரத்திடமிருந்து கைக்குத் திரும்புவதால் கிடைக்கும் என்று நான் பக்தியோடு நினைத்திருந்த அந்த இடைவெளி அவனுக்கு முப்பத்துமூன்று முறை கிடைத்தது. தகட்டையோ கொண்டியையோ எங்கே வைத்திருந்தால் அங்கே என்ன மாறியிருக்கும்?

இதே 1919-ன் வசந்தத்தில் பாரிஸில் இரண்டு இளைஞர்கள், ஆந்த்ரே ப்ரெதோனும் ஃபிலிப் ஸூப்போவும், யோசிக்காமல், நிறுத்தாமல், திருத்தாமல் எழுதும் சோதனையில் இறங்கினார்கள். 'காந்தப் புலங்கள்' அதில் பிறந்தது. 1924-ல் ப்ரெதோன் தன் முதல் அறிக்கையில் இதற்கு 'தானியக்கம்' என்றே பெயர் வைத்தார். நம் இடத்தில் அதைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் அதை ஒரு உத்தியாகப் பார்த்தார்கள். உத்தியில்லை அது. யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் அவர்கள். யோசித்து, கட்டுப்பாட்டோடு, வரிசையாக நின்று செய்யப்பட்ட பெரும் கொலையைப் பார்த்தவர்கள். ப்ரெதோன் ராணுவ மனநோய் மருத்துவமனையில் வேலை செய்தவர். கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் கையின்மேல் அவர்களுக்கு நம்பிக்கை போனதில் நியாயம் இருந்தது. அமிர்தசரஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நியாயம் இன்னும் கூடுகிறது.

ஆனால் அதே ப்ரெதோன், 1929 டிசம்பரில் வெளியான இரண்டாம் அறிக்கையில், ஸர்ரியலிஸத்தின் மிக எளிய செயல் தெருவில் இறங்கி, கையில் துப்பாக்கியோடு, கூட்டத்தைப் பார்த்துக் கண்மூடித்தனமாகச் சுடுவது என்றும் எழுதினார். அதை அதிர்ச்சிக்காகச் சொன்ன வார்த்தை என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கத் தயாரில்லை. தானியக்கத்தைக் கடைசி வரை பின்தொடர்ந்தவனும் கூட்டத்தின் முன்னால் துப்பாக்கியோடுதான் போய் நிற்கிறான். கைவேலைக்காரனும் அங்கேதான் நிற்கிறான். இரண்டு பாதையும் ஒரே மைதானத்தில் வந்து முடியும்போது, எந்தப் பாதை உசத்தி என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பதில் எனக்குச் சிரத்தை குறைந்துவிட்டது.

நம் சண்டையில் ஒரு கட்சி, கவிதை உள்ளேயிருந்து பீறிட வேண்டும், செய்நேர்த்தி அதைக் கொன்றுவிடும் என்கிறது. இன்னொரு கட்சி, பீறிடுவதெல்லாம் ஏற்கெனவே கேட்ட சத்தம், சொல்லைச் செதுக்க வேண்டும் என்கிறது. நான் பெரும்பாலும் இரண்டாவது கட்சியில் இருந்தவன். இப்போது பார்த்தால் செதுக்குவதும் ஒரு பழக்கமாகிவிடுகிறது. இருபது வருஷம் செதுக்கியவனின் உளி அவன் பார்க்காமலே சரியான இடத்தில் விழுகிறது. அவனுடைய சிக்கனம், அவனுடைய மௌனம், கடைசி வரியை உடைத்து நிறுத்தும் விதம், எல்லாம் உஸ்தாதிடம் ஷாபாஷ் வாங்கியவை. கொண்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பாதி விஷயம். கொண்டியை மாற்றியதால் கிடைக்கும் இடைவெளியில் யார் இருக்கிறார் என்பது மீதி. யாருமே இல்லாமல் போகலாம்.

போன வருஷம் ஒரு நண்பர் இறந்துபோனார். அச்சு கோத்து அடித்த காலத்திலிருந்து எங்கள் பத்திரிகைக்குப் புரூப் பார்த்தவர். எழுத்துப் பிழையைத் திருத்துவார். அதோடு, சில வரிகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்ஸிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். அந்த வரியில் பிழை எதுவும் இருக்காது. 'இதில் என்ன ஸார்?' என்று கேட்டால், 'ஒன்றுமில்லை, ரொம்ப வழவழவென்று போகிறது, நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்டேன்' என்பார். கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். பெரும்பாலானோர் வரியை மாற்ற மாட்டார்கள். அவரும் வற்புறுத்த மாட்டார். அடுத்த புரூபில் அதே இடத்தில் கேள்விக்குறி மறுபடி இருக்கும்.

அவருக்கு அஞ்சலிக் குறிப்பு கேட்டார்கள். செல்போனில் எழுத ஆரம்பித்தேன். 'ஈடு' என்று அடித்ததும் 'செய்ய' என்றும், அதன்பின் 'முடியாத' என்றும், அதன்பின் 'இழப்பு' என்றும் அதுவே எடுத்துக் கொடுத்தது. போன சொல்லின் மிச்சத்தில் அடுத்த சொல் ஏறி உட்கார்ந்தது. அதை அணைத்துவிட்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதினேன். பேனாவிலும் ஈடு செய்ய முடியாத இழப்புதான் வந்தது. காகிதம், மை, நிதானம் எல்லாம் இருந்தும் அதே நான்கு சொற்கள், கொஞ்சம் கோணலான எழுத்தில். கை ஒன்றையும் காப்பாற்றவில்லை. பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், அவர் என்ன போட்டிருப்பார் என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் வாக்கியம் நின்றது. குறிப்பு கடைசியில் ஆறு வரியில் முடிந்தது. அந்தக் கேள்விக்குறியைப் பற்றி மட்டும் எழுதினேன்.

அவர் மனிதர் என்பதனாலோ, பென்ஸிலைக் கையால் பிடித்தார் என்பதனாலோ அது நடக்கவில்லை. இடைவெளியில் அவர் குடியிருந்தார். எனக்கு எதிராக அங்கே உட்கார்ந்திருந்தார். ஜாலியன் வாலாபாகின் பதினெட்டு விநாடிகளில் அப்படி எதிராக உட்கார்ந்திருக்க ஒருவரும் இல்லை. டயரின் குரல் மட்டும் இருந்தது. சுடும் கைக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவன்கூட அந்த இடைவெளிக்குள் வந்து சேர முடியவில்லை.

மொன்த்ராகோனின் கதையை முடித்துவிடுகிறேன். 4000 ரைபிள்களில் சுமார் 400 மெக்ஸிகோ போய்ச் சேர்ந்த நிலையில் 1910-ல் புரட்சி வெடித்தது. 1911 மே மாதம் தீயாஸ் பதவி விலகினார். மீதி ரைபிள்கள் ஸ்விட்ஸர்லாந்திலேயே தங்கி, உலக யுத்தம் வந்ததும் ஜெர்மனிக்கு விலையாயின. சேறு அவற்றுக்கு ஆகவில்லை. சேறில்லாத இடமாக ஆகாயத்துக்கு அனுப்பினார்கள். 30 தோட்டா கொள்ளும் நத்தை வடிவ மாகஸினோடு விமானத்தின் பார்வையாளர்கள் கையில் கொஞ்ச நாள் இருந்தன. விமானங்களில் இயந்திரத் துப்பாக்கி வந்ததும் அந்த வேலையும் போயிற்று. ஜெனரல், 1913 பிப்ரவரியில் ஜனாதிபதி மதேரோவுக்கு எதிரான சதியின் தலைவர்களில் ஒருவர். பத்து நாள் மெக்ஸிகோ நகரத்தின் நடுவே பீரங்கிச் சண்டை நடந்தது. தெருவில் போன ஜனங்கள் செத்தார்கள். பிப்ரவரி 22 அன்று மதேரோ கொல்லப்பட்டார். மொன்த்ராகோன் யுத்த மந்திரியாகி, சில மாதங்களில் அதையும் இழந்து, நாட்டை விட்டுப் போய், 1922-ல் ஸ்பெயினில் ஸான் ஸெபாஸ்தியானில் இறந்தார். தன் துப்பாக்கிக்குக் கொண்டி வைத்த கைக்குத் தன் சொந்தச் செயலில் எங்கேயும் கொண்டி இருந்ததாகத் தெரியவில்லை.

அதே 1922-ல் மகளின் முதல் கவிதைத் தொகுதி வந்தது. அதன் துணைத் தலைப்பு 'இயக்கக் கவிதைகள்'. நாவி ஓலின் என்ற பெயர் ஓவியர் டாக்டர் ஆத்ல் சூட்டியது. பழைய நவாட்டில் மொழியில் 'நான்கு இயக்கம்' என்று அர்த்தம். ஆஸ்டெக் காலக்கணக்கில் இப்போதைய சூரியனின் பெயர் அது. இந்தச் சூரியன் பூகம்பத்தில் முடியும் என்பது ஐதீகம். தகப்பனாரின் பெயரில் வாழ்நாள் முழுவதும் அறியப்பட்டிருக்க வேண்டியவள், இயக்கம் என்பதையே எடுத்துத் தன் பெயராக அணிந்துகொண்டாள். பத்து வயதில் பள்ளிக்கூடத்து மேஜையில் பிரெஞ்சில் எழுதியவற்றையும் 1924-ல் புத்தகமாகப் போட்டாள். வரைந்தாள், 1978-ல் செத்துப்போனாள். இதிலிருந்து துப்பாக்கியைக் கவிதை வென்றது என்று யாராவது நீதி எடுத்தால் அது அவர்களுடைய பாடு. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன என்பது வரைதான் எனக்குத் தெரிகிறது.

இப்போது ரைபிளின் கைப்பிடியில் கொண்டி தேடிப் பிரயோஜனமில்லை. இலக்கைத் தானே தேர்ந்து தானே தாக்கும் ஆயுதங்களைப் பற்றி அமெரிக்க ராணுவத் துறை 2012-ல் ஓர் உத்தரவு போட்டது; 2023-ல் அதைப் புதுப்பித்தது. அத்தகைய ஆயுதங்கள், பலாத்காரத்தைப் பிரயோகிப்பதில் மனிதர்கள் தகுந்த அளவு விவேகத்தைச் செலுத்துவதற்கு இடம் தரும்படி செய்யப்பட வேண்டும் என்கிறது அது. கொண்டி இப்போது ஒரு வாக்கியமாக இருக்கிறது. தகுந்த அளவு என்றால் எவ்வளவு என்று அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அமிர்தசரஸில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் பதினெட்டு விநாடி இருந்தது.